பொறியியல் பீடத்து வாசலும் எங்கள் பெண்பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)



டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். கோப்பையில் எவ்வளவு சோறு என்று பார்த்துவிட்டுப் பேசினால் இன்னும் பயன்படும். இப்போது பேச வந்தது பொறியியற் படிப்பைப் பற்றி. மருந்து எழுதுகிறவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்பிலிருந்தே தொடங்குகிறோம்.

1997 டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் கணிதத்தில் டி எடுத்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தவர்கள் எத்தனை பேர் என்றால், ஒருவரும் இல்லை. எங்கள் பாடசாலையில் அப்போது கணிதப் பிரிவு இல்லை. சாவகச்சேரிக்குப் போகலாம், யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். ஆனால் அது சோதனைச் சாவடிகளின் காலம். மாலையில் வகுப்பு முடியும் நேரமும், கடைசி பஸ் வெளிக்கிடும் நேரமும், தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. அண்ணன்மார் சைக்கிளில் போனார்கள். எங்களைப் பார்த்து வீட்டில் சொன்னது, "பிள்ளை, நீ பயோ படி. டொக்டராய் வரலாம். கணிதம் பெடியளுக்குத்தான் சரி." அம்மாமாரைக் குறை சொல்லவில்லை. அந்த நாளில் இருட்டுக்கு முன் பிள்ளை வீடு வந்து சேருவதுதான் எந்தத் தாய்க்கும் முதற் கவலை.

உயர்தரம் எழுத வேண்டிய 2000ஆம் ஆண்டில் ஏப்ரல் கடைசியில் ஆனையிறவு விழுந்தது. மே மாதம் தென்மராட்சி முழுவதும் இடம்பெயர்ந்தது. புத்தக மூட்டையோடு ஒருத்தி பருத்தித்துறைப் பக்கம், இன்னொருத்தி வலிகாமம், இன்னொருத்தி வன்னி என்று திசைக்கொருவராய்ப் போனோம். திரும்பி வந்து படித்து, சிலர் இரண்டாம் முறை எழுதி, எங்களில் இரண்டு பேர் மருத்துவ பீடம் போனோம். எங்கள் எல்லோரையும்விடக் கணிதம் தெரிந்த ஒருத்தி இருந்தாள். கேத்திர கணிதத்தில் ரீச்சர் கரும்பலகையில் பாதி வரையும்போதே அவள் கொப்பியில் நிறுவல் முடிந்திருக்கும். அவள் தவளையை வெட்டப் பயந்து உயிரியலில் தவறிவிட்டாள். இன்று ரொரன்ரோவில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் கட்டியிருக்கக்கூடிய பாலங்கள் எங்கள் கண்ணுக்குள் வந்து போகின்றன. இந்த உரையில் அவளைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டோம். "பேரைப் போடாதேங்கோ, மற்றதைச் சொல்லுங்கோ" என்றாள்.

பெண்கள் பொறியியல் படிப்பது புதிய விடயம் அல்ல. சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1940இல் சேர்ந்த அ. லலிதா பதினைந்து வயதில் கலியாணம் செய்து, பதினெட்டு வயதில் நாலு மாதக் கைக்குழந்தையோடு விதவையானவர். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த தகப்பன் மகளைப் படிக்க அனுமதிக்கும்படி கேட்டார். அவர் மின்பொறியியல் படித்தார். அடுத்துச் சேர்ந்த தெரேசியா, லீலாம்மா ஜோர்ஜ் இருவரும் குடிசார் பொறியியல். பட்டச் சான்றிதழ்கள் ஆண்களுக்கென்றே அச்சிடப்பட்டிருந்ததால், ஆண்பாற் சொல்லை வெட்டி மேலே பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இலங்கையில் முதற் பெண் பொறியியலாளர் எங்கள் தமிழ்ப் பெண்தான், பிரேமலா சிவசேகரம். 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் போய், பட்டம் பெற்று, கட்டிடத் திணைக்களத்தில் கட்டமைப்புப் பொறியியலாளராக வேலை செய்து, அங்கே வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 2019இல் பாராளுமன்றம் கௌரவித்த பன்னிரண்டு பெண்களில் அவரும் ஒருவர்.

அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். மருத்துவ பீடங்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். பொறியியல் பீடங்களில் மட்டும் பெண்களின் பங்கு கால்வாசியைத் தாண்டத் தவிக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள். வித்தியாசம் பதினாறு வயதில், உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் அந்த இரண்டு வாரத்தில் வருகிறது. பல்கலைக்கழகம் எவ்வளவு நல்ல மனத்தோடு வாசலைத் திறந்து வைத்தாலும், கணிதப் பிரிவில் இல்லாத பிள்ளை அந்த வாசலுக்கு வரப்போவதில்லை.

யார் பொறியியலாளர் ஆனால் என்ன, பாலம் விழாமல் நின்றால் போதாதா என்று ஒரு மாமா எங்களிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. எங்கள் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறோம். கொவிட் காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் சின்னக் கருவியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். தோலுக்குள் ஒளியை விட்டு அது அளக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2020 டிசம்பரில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையில் இரத்தத்தில் 88க்கும் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். கறுத்தத் தோலில் கருவி கூட்டிக் காட்டுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செய்தவர்களின் விரலிலும் அவர்கள் சோதித்தவர்களின் விரலிலும் அது சரியாக வேலை செய்தது, அவ்வளவுதான். எங்கள் ஊர் நோயாளியின் விரலில் அதை மாட்டும்போது இப்போது நாங்கள் இலக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்க்கிறோம்.

வாகனமும் அப்படித்தான். மோதல் சோதனைக்கு வைத்த பொம்மை நெடுங்காலம் சராசரி ஆணின் உடம்பு. இருக்கைப்பட்டி போட்ட பெண்கள் முன்பக்க மோதலில் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 வீதம் அதிகம் என்று வெர்ஜினியா பல்கலைக்கழகத்தார் 2019இல் கணக்கிட்டார்கள். (எங்கள் கொடிகாமம்–பருத்தித்துறைத் தட்டிவானை எந்தப் பொம்மையை வைத்தும் எவரும் சோதித்ததாகத் தெரியவில்லை. சேலையோடு அதில் ஏறி இறங்கிய எங்கள் அம்மாமாரே சோதனை. ஆனாலும் ஆடு, பலாப்பழம், கர்ப்பிணி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. அந்த ஒரு விடயத்தில் தட்டிவானைக் குறை சொல்ல மாட்டோம்.)

உள்ளூர் உதாரணமும் ஒன்று. நாங்கள் அடிக்கடி போகும் ஒரு கட்டிடத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். 2006இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இருப்பதால் போட்டே ஆக வேண்டும். போட்டுவிட்டார்கள். ஏறுவதற்குக் காவலாளியும் இரண்டு உறவினரும் சேர்ந்து தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலியில் இருப்பவர் முருகனைக் கூப்பிட வேண்டும். கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண் இது. அந்த வரைபடம் தயாரான அறையில் ஒரே ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்திருந்தால் அந்தச் சாய்வு கடதாசியிலேயே திருத்தப்பட்டிருக்கும்.

இப்போது எல்லோரும் சமநீதி, பன்மைத்தன்மை, உள்வாங்கல் என்ற மூன்று சொற்களைப் பேசுகிறார்கள். பட்டங்களை நாடுகளுக்கிடையே அங்கீகரிக்கும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கைக்கு அடிப்படையான பட்டதாரித் தகைமைகளை 2021இல் திருத்தியபோது, பலதரப்பட்டவர்கள் உள்ள, எவரையும் ஒதுக்காத குழுக்களில் வேலை செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள். ஆக, இது பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்ட விடயம்.

ஆனால் யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்கு இந்தச் சொற்களைக் கேட்டதும் ஒரு பழைய புண் நோகும். அதைப் பேசாமல் தாண்டிப் போனால் இந்தச் சபை எங்களை மன்னிக்காது. 1960களின் கடைசியில் நாட்டின் பொறியியல் மாணவரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தமிழர். 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 227 போதும் என்று வைத்தார்கள். அதுதான் தரப்படுத்தல். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் தமிழரின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. எங்கள் மாமாமார், பெரியப்பாமார் பலர் அந்த ஆண்டுகளில் பரீட்சை எழுதியவர்கள். அவர்களுடைய கசப்பு எங்கே போய் முடிந்தது என்பது இந்தச் சபைக்குத் தெரியும். ஆகவே ஒதுக்கீடு என்றால் அநியாயம் என்று நாங்கள் பாலோடு குடித்து வளர்ந்தோம்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் பிறகுதான் படித்துக்கொண்டோம். மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி வைத்தது அநியாயம், அதில் பேச ஒன்றும் இல்லை. மாவட்ட ஒதுக்கீடு வேறு. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் தாக்கியது, ஆனால் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் வாசலைத் திறந்தது. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள்தான், முஸ்லிம் பிள்ளைகள்தான். ஆய்வுகூடமே காணாத பாடசாலையிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் அப்போது யோசித்தது குறைவு. இன்று பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகம். அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. ஒரு காலத்தில் அந்த முறையால் இழந்த மாவட்டம் இன்று அதனாற் பெறுகிற மாவட்டம். முப்பது ஆண்டு யுத்தம் செய்த வேலை.

அதோடு சபையில் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். வன்னி மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக, யாழ்ப்பாணத்தில் ரியூசன் எடுக்கும் பிள்ளையை அங்கே ஒரு பாடசாலையில் பதிந்து பரீட்சை எழுத வைக்கிற வழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. மூன்று ஆண்டு அந்த மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்கும் வழி கண்டுபிடிக்கிறார்கள். கெட்டித்தனம் என்று கலியாண வீடுகளில் பெருமையாகவும் பேசுகிறார்கள். அப்படி எடுக்கும் ஒவ்வொரு இடமும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்துப் பிள்ளையின் இடம். தரப்படுத்தலைப் பற்றி ஐம்பது ஆண்டாக அழுத நாங்கள் இதைச் செய்யலாமா?

மாவட்டக் கணக்கு காணாத இன்னொரு விடயமும் உண்டு. யாழ்ப்பாண நகரத்தில் பெயர்போன கல்லூரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு உள்ள பையனுக்கும், வரணியிலோ மிருசுவிலிலோ இருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் பெண்பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. அவன் வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டில் இருப்பான். இவளுக்கு நகரம் 25 கிலோமீற்றருக்கு மேல். மாவட்டச் சராசரி இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறது. வசதி குறைந்தவர்கள் மாவட்டத்துக்கு வெளியே மட்டும் இருப்பதாக நினைப்பது எங்களுக்கு வசதியான நினைப்பு. இந்தச் சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான், 1930ஐச் சுற்றிய ஆண்டுகளில், பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சரிசமமாக வாங்கில் இருக்கலாம் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துச் சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். வைத்தவர்கள் வெளியூரார் அல்லர். நூற்றாண்டு மலரில் பழைய புகைப்படங்களைப் போடும்போது, அந்தப் படங்களில் யார் வாங்கில் இருக்கிறார்கள், யார் படத்திலேயே இல்லை என்றும் ஒருமுறை பாருங்கள்.

இனி அறிவியல் நகர். பேசிப் பேசிக் காலம் கடந்த பிறகு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சியில் மாணவர்களோடு தொடங்கியது. யாழ்தேவி மறுபடி எங்கள் ஸ்ரேசனைக் கடந்து யாழ்ப்பாணம் போனதும் அதே ஆண்டுதான். எங்கள் பாடசாலையிலிருந்து ஏ9 தெருவில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. குடிசார், மின், இயந்திர, கணினிப் பொறியியல் எல்லாம் அங்கே உண்டு. தெற்கிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். சிங்களம் பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே வளைக்கு இரண்டு பக்கமும் பிடித்து வளைவைச் சோதிக்கிற இடம். அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். இரண்டு பேருக்கும் அது தடுமாற்றந்தான்.

அங்கே போன எங்கள் தங்கைமார் சிலரோடு இந்த உரைக்காகப் பேசினோம். பாடம் கடினம் என்று ஒருத்தியும் முறையிடவில்லை. சொன்னதெல்லாம் வேறு. செயன்முறைக் குழுவில் ஆறு பேர். பெடியள் கருவியைப் பிடிப்பார்கள், பெண்பிள்ளை வாசிப்பை எழுதுவாள், எழுத்து வடிவு என்று. நாலு ஆண்டு எழுதினால் எழுதத்தான் வரும். கைத்தொழிற் பயிற்சிக்குப் போனால் வேலைத்தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் போய், சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வருகிறார்கள். இதற்கு நாங்கள் எழுதுகிற நுண்ணுயிர்கொல்லி மருந்து அல்ல, கதவுள்ள ஒரு கழிப்பறைதான் வைத்தியம். அடுத்தது பகிடிவதை. அதைத் தடைசெய்யும் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. ஆனாலும் முதல் மாதத்தில் அஞ்சி நின்ற கிராமத்துப் பிள்ளை பிறகு விரிவுரையில் கை உயர்த்திக் கேள்வி கேட்க நெடுநாள் எடுக்கிறது.

இவற்றில் பெரும்பகுதிக்குப் பெரிய காசு தேவையில்லை. செயன்முறையில் கிழமைக்குக் கிழமை வேலையை மாற்றிக் கொடுக்கலாம். பயிற்சிக்கு அனுப்பமுன் கழிப்பறை, போக்குவரத்து, முறையிட ஓர் ஆள் என்று மூன்று கேள்வியை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். ஆங்கிலத்துக்குத் தொடக்கத்திலேயே கைகொடுக்கலாம். மருத்துவ பீடத்தில் எங்களுக்கு ஒரு பேராசிரியை இருந்தார். விரிவுரையில் கேள்வி கேட்டால், முதலில் கை உயர்த்தியவரை விட்டுவிட்டு, பின்வரிசையில் குனிந்திருப்பவரைத்தான் எழுப்புவார். அன்று திட்டினோம். இன்று அவர் செய்ததன் அருமை தெரிகிறது.

எங்கள் சங்கத்துக்கு வருவோம். நூற்றாண்டு நிதியில் முன்வாசலில் ஓர் அலங்கார வளைவு கட்டுவதென்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. அழகாகத்தான் இருக்கும். வளைவுக்கு விருப்பமான அக்காமாரோடு சண்டை பிடிக்க எங்களுக்கு ஆசையில்லை. அவர்களில் ஒருவர் எங்களுக்கு மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தந்தவர். ஆனாலும் எங்கள் வகுப்பார் எல்லோரும் கூடிப் பேசி இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இன்றும் எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை. பத்துப் பிள்ளை சேர்ந்தால்தானே ஆசிரியர் தரலாம் என்கிறார்கள். ஆசிரியர் இருந்தால்தானே பத்துப் பிள்ளை சேரும். இந்த முடிச்சை வெளியிலிருந்து யாராவது வந்துதான் அவிழ்க்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுக்கு இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கொடுப்பனவைச் சங்கம் ஏற்கட்டும். மாலை வகுப்பு முடிந்ததும் வரணி, மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு வான் ஒழுங்கு செய்வோம். ஒன்பதாம் வகுப்பிலேயே அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு அறிவியல் நகருக்கு ஒருநாள் போய்வருவோம். கலியாணத்துக்கு வான் பிடிக்கிற மாதிரித்தான். அங்கே படிக்கும் பெண்பிள்ளைகளை அம்மாமார் ஒருமுறை கண்ணால் காண வேண்டும். எங்கள் அம்மாமார் அப்படி ஒருத்தியையும் கண்டதில்லை.

கணிதம் பிடிக்காத பிள்ளையையும் பிடித்துத் தள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உயிரியல் பிடித்தவள் உயிரியல் படிக்கட்டும், தவளைக்குப் பயமில்லை என்றால். சங்கீதம் படிப்பவள் சங்கீதம் படிக்கட்டும். 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. அதைக் குறைவானவர்களின் பிரிவு என்று பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் செயலாளருக்குக் கடிதம் எழுதி வாக்கைத் தெரிவிக்கலாம் என்று தலைவி அனுமதி தந்திருக்கிறார். ரொரன்ரோவிலிருந்து முதற் கடிதம் வந்துவிட்டது. உள்ளே கடிதம் இல்லை, எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கேத்திர கணிதக் கொப்பியின் ஒரு தாளும் ஒரு காசோலையும் மட்டும் இருந்தன.

மண்டப வாசலில் வலப்பக்க மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இணைந்த கணிதமோ பௌதிகவியலோ கிழமையில் ஒருநாளாவது கற்பிக்கக்கூடியவர்கள், இளைப்பாறியவர்களாக இருந்தாலும், தேநீருக்குப் போகமுன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.